பள்ளிச் சுவருக்கு யார் பணம் தருகிறார்கள்? தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோருக்கான எளிய விளக்கம்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல வேளையாக யாருக்கும் அடி இல்லை. தலைமை ஆசிரியர் அந்த அறையைப் பூட்டிவிட்டு, இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் உட்காரவைக்கிறார். பெற்றோர் வந்து கேட்டால், "மேலே எழுதியிருக்கோம்" என்கிறார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த "மேலே" எங்கே இருக்கிறது, அங்கே பணம் எப்படி வருகிறது, யார் கையெழுத்திட்டால் அது கீழே இறங்கும் என்று நம்மில் பலருக்கும் தெரியாது. தெரியாததால் கேட்கவேண்டிய இடத்தில் கேட்காமல், கேட்கக் கூடாத ஆளிடம் சண்டை போட்டுவிட்டு வருகிறோம். பாவம், அந்தத் தலைமை ஆசிரியர் கையில் அந்தக் கூரையைப் பிரித்துக் கட்டும் அளவுக்குப் பணம் எப்போதும் இருந்ததில்லை.

பள்ளிப் பாதுகாப்பு என்றதும் பலருக்கும் கேமராவும் காவலாளியும்தான் நினைவுக்கு வரும். சட்டம் அதைவிட அடிப்படையான இடத்திலிருந்து தொடங்குகிறது. 2009-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. எந்தப் பருவத்திலும் தாங்கும் கட்டடம், ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறையாவது, மாற்றுத்திறனாளிப் பிள்ளையும் தடையில்லாமல் நுழையும் வழி, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், மதிய உணவு சமைக்க அறை, விளையாட இடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கு இவை கட்டாயம். வசதி இருந்தால் செய்துகொள்ளலாம் என்ற சலுகை அதில் இல்லை.

இந்தக் கட்டாயத்துக்குப் பின்னால் பெரிய துயரம் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியின் சமையல் கொட்டகையில் பற்றிய தீ, பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். அதையொட்டி உச்ச நீதிமன்றத்துக்குப் போன அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பு வந்தது. பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமைக்குள் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. பள்ளிகளில் தீயணைப்புக் கருவிகள் வைக்கவும், தேசியக் கட்டட விதிகளின்படி கட்டடங்கள் இருக்கவும் உத்தரவிட்டது. ஆகவே, "கூரை ஒழுகுது, சரி பண்ணுங்க" என்று கேட்கும் பெற்றோர் தயவு கேட்கவில்லை. பிள்ளையின் உரிமையைக் கேட்கிறார்.

சரி, உரிமை இருக்கிறது. பணம்?

சட்டமன்றத்தில் நடப்பது

மாநில அரசுக்கு வரும் வரி, கடன், ஒன்றிய அரசு தரும் பங்கு எல்லாம் மாநிலத் தொகுப்பு நிதி என்ற ஒரே கணக்கில் சேர்கின்றன. அரசியலமைப்பின் 266-ஆவது பிரிவின்படி, சட்டத்தின் அனுமதி இல்லாமல் அந்த நிதியிலிருந்து ஒரு ரூபாயைக்கூட வெளியே எடுக்க முடியாது. முதலமைச்சரே நினைத்தாலும் முடியாது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் தாக்கலானதும் துறைவாரியாக மானியக் கோரிக்கைகள், அதாவது இந்தத் துறைக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்ற கோரிக்கைகள், சட்டமன்றத்துக்கு வருகின்றன. உறுப்பினர்கள் விவாதித்து வாக்களிக்கிறார்கள். எல்லாக் கோரிக்கைகளும் முடிந்தபின் நிதி ஒதுக்க மசோதா நிறைவேறுகிறது. அந்தச் சட்டம்தான் பெட்டியின் பூட்டைத் திறக்கிறது.

தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் மானியக் கோரிக்கை எண் 43. ஊரக வளர்ச்சி, ஊராட்சித் துறையின் எண் 42. ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறையின் எண் 4. இந்த மூன்று எண்களும் ஏன் முக்கியம் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்வித் துறைக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் அதில் மிகப் பெரும் பங்கு சம்பளத்துக்கும் அதுபோன்ற நிலையான செலவுக்கும் போய்விடும். அதில் தவறே இல்லை. ஆசிரியர் இல்லாத பள்ளி எதற்கு? கட்டடத்துக்கும் பராமரிப்புக்கும் மிஞ்சுவதைத்தான் நாம் தேடவேண்டும். கணக்கில் அதுவும் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஓட்டை அடைப்பது, வெள்ளையடிப்பது, மின்கம்பி மாற்றுவது போன்றவை வருவாய்ச் செலவு. புது வகுப்பறை, புதுச் சுற்றுச்சுவர் போன்றவை மூலதனச் செலவு. பட்ஜெட் புத்தகத்தில் 2202 என்று தொடங்கும் தலைப்பு பொதுக் கல்வியின் வருவாய்ச் செலவையும், 4202 என்று தொடங்குவது கல்வி உள்ளிட்டவற்றின் மூலதனச் செலவையும் காட்டும். இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினால் பாதி மர்மம் விலகிவிடும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மானியக் கோரிக்கை சபைக்கு வந்தபின், சட்டமன்ற உறுப்பினர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட முடியாது. அரசியலமைப்பின் 203-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆகவே, ஏப்ரலில் விவாதம் நடக்கும்போது எம்.எல்.ஏ.விடம் போய், "எங்க ஊர்ப் பள்ளிக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றால் அந்த ஆண்டின் தொகை மாறாது. துறைகள் தங்கள் முன்மொழிவுகளைப் பல மாதங்களுக்கு முன்பே நிதித்துறைக்கு அனுப்பியிருக்கும். அடுத்த ஆண்டுப் பட்ஜெட்டில் நம் மாவட்டத்தின் தேவை தெரியவேண்டும் என்றால், முந்தைய ஆண்டு பள்ளி திறந்து சில மாதங்களுக்குள் நம் தேவை காகிதத்தில் ஏறியிருக்கவேண்டும். காலம் தவறியதாலேயே நியாயமான கோரிக்கைகள் பல ஓர் ஆண்டு தள்ளிப்போகின்றன.

சட்டம் நிறைவேறினாலும் பணம் உடனே பள்ளிக்கு வந்துவிடாது. இன்ன திட்டத்துக்கு இவ்வளவு என்று அரசாணை வரவேண்டும். ஜி.ஓ. போட்டாச்சா என்று அலுவலகங்களில் கேட்பது இதைத்தான். அப்புறம் நிர்வாக ஒப்புதல், பொறியாளரின் எஸ்டிமேட், தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை. அடுத்த மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீடு பொதுவாக அந்த ஆண்டோடு காலாவதியாகிவிடும்.

உங்கள் பள்ளி யாருடைய பள்ளி?

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இந்தக் கேள்விதான். அரசுப் பள்ளி என்று நாம் பொதுவாகச் சொல்லும் கட்டடங்களுக்குப் பல சொந்தக்காரர்கள் உண்டு.

கிராமத்துத் தொடக்கப் பள்ளியும் நடுநிலைப் பள்ளியும் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள். பெயர்ப்பலகையைப் பார்த்தாலே தெரியும். ஆசிரியருக்குச் சம்பளம் தருவது பள்ளிக் கல்வித் துறை; ஆனால் சுவரும் கூரையும் கழிப்பறையும் ஒன்றியத்தின் பொறுப்பு. ஆகவே கட்டடம் பற்றிப் பேசவேண்டிய இடம் வட்டார வளர்ச்சி அலுவலகம், அதாவது பி.டி.ஓ. ஆபீஸ். அங்கே உள்ள ஒன்றியப் பொறியாளர்தான் கட்டடத்தைப் பார்த்து, பழுது நீக்கலாமா, இடிக்கவேண்டுமா என்று எழுதித் தருவார். பெற்றோர் பலர் இது தெரியாமல் வட்டாரக் கல்வி அலுவலரிடம் திரும்பத் திரும்ப மனுக் கொடுக்கிறார்கள். அவர் அதை பி.டி.ஓ.வுக்கு அனுப்பிவைக்கத்தான் முடியும். இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் மனுவின் நகல் போவது நல்லது.

ஒன்றியத்துக்கு எங்கிருந்து பணம்? ஒன்றியப் பொது நிதி, மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம், மாநில அரசின் சிறப்புத் திட்டங்கள். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கைச் சட்டப்படி உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் மாநில நிதிக்குழு மானியம். நூறு நாள் வேலைத் திட்ட நிதியில் சுற்றுச்சுவர் எழுப்பிய பள்ளிகளும் உண்டு. நம் இரண்டு மாவட்டங்களிலும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்தில் ஒன்றிய நிதி பற்றி நேரடியாக அலுவலரிடமே கேட்கவேண்டியிருக்கும்.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் கதை வேறு. அவை பள்ளிக் கல்வித் துறைக்கே சொந்தம். கட்டடப் பணியைப் பொதுப்பணித் துறை பார்க்கும். மனு போகவேண்டிய இடம் முதன்மைக் கல்வி அலுவலகம். தருமபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகளும் ஓசூர் மாநகராட்சியும் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தந்த ஆணையர் பொறுப்பு. சித்தேரி மலை போன்ற இடங்களில் உள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறைக்குள்ளேயே வராது. அவற்றின் பணம் எண் 4 கோரிக்கையிலிருந்து வருகிறது, கட்டடங்களைப் பெரும்பாலும் மாநில அரசின் ஆதிதிராவிடர் வீட்டுவசதி மேம்பாட்டுக் கழகமான தாட்கோ கட்டுகிறது. உறைவிடப் பள்ளியில் பிள்ளை இரவும் அங்கேயே தூங்குகிறது என்பதால், அங்கே ஒரு மின்விளக்கோ கதவுத் தாழ்ப்பாளோகூடப் பாதுகாப்புச் செலவுதான்.

இப்போது முன்பு சொன்ன மூன்று எண்களுக்கு வருவோம். ஒரே மலையடிவாரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி, ஒரு உயர்நிலைப் பள்ளி, ஒரு உண்டு உறைவிடப் பள்ளி இருந்தால், அவற்றின் கூரைகளுக்கான பணம் சட்டமன்றத்தில் மூன்று வெவ்வேறு நாட்களில், மூன்று வெவ்வேறு அமைச்சர்களின் கோரிக்கையாக வாக்கெடுப்புக்கு வருகிறது. பெய்யும் மழை ஒன்றுதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு எந்தப் பள்ளிச் சுவர் ஈரத்தில் ஊறி நிற்கிறது என்று துறை பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகச் சரிபார்க்கவேண்டும். ஆனால் பணம் துறை பிரித்துத்தான் வரும். நம் ஏற்பாட்டின் பெரிய பலவீனம் இதுவே என்பது என் கருத்து.

சமக்ர சிக்ஷா: பள்ளிக் கணக்குக்கே வரும் பணம்

2018-இல் ஒன்றிய அரசு பழைய திட்டங்களை ஒன்றாக்கி, சமக்ர சிக்ஷா, அதாவது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை செலவில் 60 பங்கு ஒன்றிய அரசு, 40 பங்கு மாநில அரசு. இதில் ஒரு பகுதி, பள்ளி மானியம் என்ற பெயரில் பள்ளியின் சொந்த வங்கிக் கணக்குக்கு வருகிறது. அளவு மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. திட்ட நெறிமுறைப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போகவேண்டும்.

சாக்பீஸ், மின்கட்டணம், குழாய், பூட்டு எல்லாம் இந்தப் பணத்தில்தான். முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் நிரப்புவது, உடைந்த சுவிட்ச் பெட்டியை மாற்றுவது போன்ற சின்னப் பாதுகாப்புச் செலவுகளுக்கு இதைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் தலையை எண்ணிப் பணம் கொடுக்கும் முறை நம் பகுதிக்குச் சரிவராது என்று எனக்கு அழுத்தமாகத் தோன்றுகிறது. தளி, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமங்களில் 20, 25 பிள்ளைகளோடு நடக்கும் பள்ளிகள் உண்டு. அங்கே ஒரு மூட்டை சிமெண்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கவே கூடுதல் செலவு. யானை நடமாட்டம் உள்ள இடமென்றால் வேலியும் சமையலறைக் கதவும் இன்னும் உறுதியாக இருக்கவேண்டும். தேவை அதிகமுள்ள பள்ளிக்குத்தான் 10,000 ரூபாய் வருகிறது.

இந்தத் திட்டத்தின் பணமே வழக்கில் சிக்கியது. பணம் வேண்டுமானால் பி.எம்.ஸ்ரீ என்ற மாதிரிப் பள்ளித் திட்டத்தில் சேர ஒப்பந்தம் போடவேண்டும் என்றது ஒன்றிய அரசு. அதோடு தேசியக் கல்விக் கொள்கையும் வந்துவிடும் என்பதால் தமிழ்நாடு மறுத்தது. 2024-25-க்கான சுமார் 2,152 கோடி ரூபாய் வரவில்லை என்று மாநில அரசு 2025-இல் உச்ச நீதிமன்றம் போனது. அந்தக் கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. பெற்றோர் மனத்தில் வைக்கவேண்டியது கல்வி உரிமைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவை. நிதி தரும் பொறுப்பு ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் கூட்டாக உண்டு என்று அது சொல்கிறது. ஒன்றிய அரசு தரும் தொகையையும் தன் மற்ற வருவாயையும் கணக்கில் கொண்டு, சட்டத்தை நடைமுறைப்படுத்தப் பணம் தரவேண்டியது மாநில அரசு என்றும் அதே பிரிவு சொல்கிறது. "டெல்லியிலிருந்து வரலை" என்ற பதிலோடு ஒழுகும் கூரையை அப்படியே விட்டுவிடச் சட்டத்தில் இடமில்லை.

பெரிய வேலைக்கான பணம்

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க உத்தரவு வந்தது. 2022-23 பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தார்கள்: ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாயில் 18,000 புதிய வகுப்பறைகள். கிராமத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் படங்கள் வரைந்த புதுக் கட்டடங்களைப் பார்த்திருப்பீர்களே, அவற்றில் பல இந்த நிதியில் வந்தவை.

இடிப்பதும் பாதுகாப்புச் செலவுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். பயன்படுத்தாத பழைய ஓட்டுக் கட்டடம் விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டே இருக்கும். பிள்ளைகள் ஒளிந்து விளையாட அங்கேதான் போவார்கள். பொறியாளர் சான்று தந்து, இடிக்க உத்தரவு வாங்கி, ஏலம் விட்டு அப்புறப்படுத்தப் பல மாதம் ஆகலாம். அதுவரை அதைச் சுற்றித் தடுப்புக் கட்ட அன்றைக்கே முடியும். அதற்கு ஜி.ஓ. தேவையில்லை.

இதைத் தவிர, ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் உண்டு. தருமபுரி மாவட்டத்தில் ஐந்து தொகுதி, கிருஷ்ணகிரியில் ஆறு. சுற்றுச்சுவர், கழிப்பறை, வகுப்பறை கட்ட இந்த நிதியைக் கேட்கலாம். பட்ஜெட் தொகையைக் கூட்ட முடியாத அதே எம்.எல்.ஏ.வால் இதைத் தர முடியும். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி. ஓசூர் பக்கம் தொழிற்சாலைகள் நிறைய இருப்பதால் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் அங்குள்ள பள்ளிகளுக்கு ஓரளவு கிடைக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம் அதற்கென்றே உள்ள வழி. ஆனால் அரூர் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கு அந்த வாய்ப்பு அவ்வளவு எளிதில் வராது. கொடையை நம்பிப் பாதுகாப்பை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

தண்ணீரும் பாதுகாப்புதான்

நம் மாவட்டங்களில் பள்ளிப் பாதுகாப்பைப் பேசும்போது ஃப்ளோரைடை விட்டுவிட முடியாது. பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அளவு மீறி இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது. வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை ஏற்கலாம். அதற்கு மேல் தொடர்ந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். இன்னும் அதிகமானால் எலும்பையும் மூட்டையும் பாதிக்கும். பல் முளைக்கும் வயதில் உள்ள பிள்ளைகளுக்குத்தான் பாதிப்பு அதிகம். கறை ஏறிய பல் பிறகு தானாக வெளுக்காது.

இதற்காகவே ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையான ஜைகாவின் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃப்ளோரோசிஸ் தணிப்புத் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013 மே மாதம் தொடங்கிவைத்தார்கள். காவிரித் தண்ணீர் இரண்டு மாவட்டங்களுக்கும் வருகிறது. ஆகவே உங்கள் பள்ளியில் கேட்கவேண்டிய கேள்வி எளிது: பிள்ளைகள் குடிக்கும் குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணியா, பள்ளி போர்வெல் தண்ணியா? ஊரின் மேல்நிலைத் தொட்டி வரை நல்ல தண்ணீர் வந்தும் பள்ளிக் குழாய் போர்வெல்லோடு இணைந்திருந்தால் பிள்ளைக்குப் பயன் இல்லை. இணைப்பு மாற்றும் செலவு ஊராட்சியால் செய்யக்கூடியது. தண்ணீரைப் பரிசோதிக்கக் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஆய்வகம் உண்டு.

ஒரு பெயரில் பணம் வைத்தால் என்ன ஆகும்?

தமிழ்நாட்டில் பள்ளிப் பாதுகாப்புக்கென்றே தனி நிதிச் சட்டம் இல்லை. வேறு இடங்களில் இருக்கிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லேண்ட் ஊர்ப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்து 17 பேர் இறந்தார்கள். ஒரு மாதத்துக்குள், மார்ச் 9 அன்று, அந்த மாநில ஆளுநர் ஒரு பள்ளிப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சுமார் 40 கோடி டாலர் ஒதுக்கீடு அதோடு சேர்ந்தே வந்தது. பள்ளி மாவட்டங்களுக்குப் பணம் பிரிக்கும் கணக்கில் பாதுகாப்பு ஒதுக்கீடு என்று தனி வரியே அங்கு உண்டு.

அங்குள்ள ஆபத்து வேறு, நம் ஆபத்து வேறு. ஆயுதக் காவலர் நமக்கு வேண்டாம். அந்தத் தனி வரி நமக்கு வேண்டும். பணத்துக்குப் பெயர் இருந்தால், இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, எந்தப் பள்ளி விடுபட்டது என்று யாரும் கேட்கலாம். இங்கே பராமரிப்பு, மேம்பாடு, தூய்மை, மானியம் என்று பல தலைப்புகளில் சிதறிக் கிடப்பதால், தருமபுரி மாவட்டத்தில் பள்ளிப் பாதுகாப்புக்குச் சென்ற ஆண்டு மொத்தம் எவ்வளவு செலவானது என்று கேட்டால் அதற்கு ஒரே இடத்தில் பதில் கிடைக்காது. சட்டமன்றம் நினைத்தால் ஒரு சட்டத் திருத்தத்தாலோ, பட்ஜெட்டில் ஒரு தனித் தலைப்பாலோ இதைச் சரிசெய்யலாம். 42, 43, 4 ஆகிய மூன்று கோரிக்கைகளிலும் ஒரே பெயரில் ஒரு துணைத் தலைப்பு இருந்தாலே போதும், கூட்டிப் பார்த்துவிடலாம்.

தனியார் பள்ளிகளைப் பற்றி இரண்டு வரி. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளின் கட்டடத்துக்கு அரசு பணம் தராது, விதி மட்டும் போடும். கட்டட உரிமம், தீயணைப்புச் சான்று, பள்ளி வாகனங்களுக்கான 2012 சிறப்பு விதிகள், 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த 2018-ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் எல்லாம் அவற்றைக் கட்டுப்படுத்தும். சான்றுகளைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கட்டணம் கட்டும் பெற்றோருக்குத் தயக்கமே வேண்டாம்.

பெற்றோர் கையில் இருப்பது

கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். பாதிப் பேர் பெண்கள். பாதுகாவலர் என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் ஊர்களில் அப்பா அம்மா பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, பாட்டி தாத்தாதான் பிள்ளையை வளர்க்கிறார்கள். கூட்டத்துக்கு வரவும் பேசவும் அவர்களுக்கும் உரிமை உண்டு. ஓசூர், தளி பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் அதிகம். தீர்மானத்தைக் கையெழுத்துக்கு நீட்டும் முன் அவர்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டவேண்டும். புரியாமல் போட்ட கையெழுத்தால் பள்ளிக்கு ஒரு பயனும் இல்லை.

22-ஆவது பிரிவு இந்தக் குழுவுக்குப் பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பைத் தருகிறது. மானியத்துக்கான அடிப்படை அந்தத் திட்டம்தான் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே, "கட்டடம் சரியில்லை" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த அறை, எந்தப் பக்கச் சுவர், எத்தனை அடி நீளம், எப்போதிலிருந்து, எத்தனை பிள்ளைகள் அங்கே உட்காருகிறார்கள் என்று எழுதி, போட்டோ எடுத்து இணையுங்கள். அந்தத் தீர்மானத்தைக் கிராம சபையிலும் வாசிக்கச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் பதிவானது அடுத்த பட்ஜெட்டுக்கான வேலைக்கு நேரத்தோடு போய்ச் சேரும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் பள்ளியின் விவரங்கள் யூடைஸ் என்ற தேசியத் தரவுத்தளத்திலும் நம் மாநிலத்தின் எமிஸ் தளத்திலும் ஏறுகின்றன. எத்தனை வகுப்பறை நல்ல நிலையில், எத்தனை பழுது, கழிப்பறை இயங்குகிறதா, சுற்றுச்சுவர் முழுமையா என்றெல்லாம் அதில் கேள்வி உண்டு. சமக்ர சிக்ஷா ஆண்டுத் திட்டம் தயாராவது இந்தத் தரவை வைத்துத்தான். பாதி இடிந்த சுற்றுச்சுவருக்கு நேரே "உண்டு" என்று பதிவாகியிருந்தால், சென்னையிலும் டெல்லியிலும் உள்ள கணினியில் அந்தப் பள்ளிக்குச் சுவர் இருக்கிறது. பணம் வேறு பள்ளிக்குப் போய்விடும். வேலைப்பளுவில் போன ஆண்டு விவரத்தையே மறுபடி ஏற்றிவிடுவது நடக்கக்கூடியது. பள்ளி மேலாண்மைக் குழு அந்தப் பதிவை ஒருமுறை வாங்கிப் பார்த்து, நிலவரத்தோடு ஒப்பிட்டுச் சொன்னால் ஆசிரியருக்கும் உதவிதான்.

இத்தனைக்கும் பிறகு பதில் வராவிட்டால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் மனுக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, முதல்வரின் உதவி எண் 1100. பிள்ளைக்கு யாராலாவது ஆபத்து என்றால் அதற்குத் தீர்மானமும் மனுவும் வேண்டாம், உடனே குழந்தைகள் உதவி எண் 1098.

பணம் பற்றிய கேள்விக்கு 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒன்றியப் பள்ளி என்றால் பி.டி.ஓ. அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கட்டணத்தோடு மூன்றே கேள்வி எழுதுங்கள். எங்கள் பள்ளிக் கட்டடத்தைப் பொறியாளர் கடைசியாக எந்தத் தேதியில் பார்வையிட்டார், அவர் அறிக்கையின் நகல் வேண்டும். அந்த அறிக்கைக்கு எஸ்டிமேட் தயாரானதா, எவ்வளவு ரூபாய்க்கு. அந்தத் தொகையை எந்த நிதியிலிருந்து, எந்த ஆண்டில் தர முன்மொழிந்திருக்கிறீர்கள். முப்பது நாளுக்குள் அவர்கள் பதில் தரவேண்டும். தராவிட்டால் மேல்முறையீட்டை அதற்குரிய மேல்முறையீட்டு அலுவலருக்கு அனுப்பலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.